சிஷோம் கட்டியதும் கட்டாமல் போனதும்

ஆவடி, திருமுல்லைவாயில், அம்பத்தூர்ப் பக்கம் இருந்து யூனிட் ரயில்ல போறவங்களுக்கு சென்னைன்னா சென்ட்ரல்ல இருந்துதான் ஆரம்பிக்கும். மூர் மார்க்கெட் வளாகத்துல இறங்கி பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் வந்தா மூணு பெரிய கட்டடம் வரிசையா நிக்கும். ஒரு பக்கம் சென்ட்ரல் ஸ்டேஷன், இன்னொரு பக்கம் வெள்ளை வெளேர்னு ரிப்பன் மாளிகை, ரெண்டுக்கும் நடுவுல செங்கல் நிறத்துல விக்டோரியா பப்ளிக் ஹால். முதல் ரெண்டையும் எல்லாருக்கும் தெரியும். நடுவுல இருக்கறதை நிறைய பேர் திரும்பிக் கூட பாக்கறதில்ல.

அடுத்த தடவை போகும்போது அந்த ஹாலோட கோபுர உச்சியை மட்டும் பாருங்க. கோபுரம் சதுரமா, இத்தாலி நாட்டு மணிக்கூண்டு மாதிரி இருக்கும். ஆனா தலையில இருக்கறது இத்தாலி இல்ல. வளைஞ்சு சரியற கூம்புக் கூரை. திருவாங்கூர் பக்கம் கோயில்லயும் பழைய அரண்மனையிலயும் பாக்கற கூரை. இத்தாலிய உடம்புக்கு மலையாளத் தொப்பி!

இந்த வேலையைப் பண்ணினவர் ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம் (1840 - 1915). சென்னைக் கடற்கரையோட முகத்தையே வரைஞ்சவர்னு சொல்லலாம். அவரைப் பத்தி எழுதறவங்க பெரும்பாலும் கட்டினதை மட்டும் பட்டியல் போடுவாங்க. எனக்கு அதை விட சுவாரசியமாப் படறது வேற. வரைஞ்சும் கட்டாதது, கட்டி முடிச்சப்புறம் மத்தவங்க கழட்டினது, கடைசி வரைக்கும் அவர் முயற்சியே பண்ணாதது. இதையெல்லாம் சேத்துப் பாத்தாதான் அந்த மனுஷன் புரியறார்.

ஒரு போட்டி, ரெண்டு கட்டடம்

சிஷோம் லண்டன்ல பிறந்தவர். முதல்ல வங்காளத்துல பொதுப்பணித் துறையில வேலை. 1864-ல சென்னை அரசாங்கம் ஒரு போட்டி வைக்குது. மாநிலக் கல்லூரிக்கும், பல்கலைக்கழக செனட் ஹவுசுக்கும் டிசைன் வேணும். அதுல ஜெயிச்சு சென்னைக்கு வந்தார், அப்போ வயசு இருபத்தஞ்சு தான். கொஞ்ச நாள்ல அரசாங்கத்தோட ஆலோசகக் கட்டடக் கலைஞராவே ஆயிட்டார்.

மாநிலக் கல்லூரி முதல்ல எழும்புச்சு. 1870 மார்ச்ல விக்டோரியா ராணியோட மகன் எடின்பரோ கோமகன் வந்து திறந்து வெச்சார். இந்தக் கட்டடத்துல இந்தியத்தனம் ரொம்பத் தேட வேண்டியிருக்கும். நல்ல இத்தாலிய பாணி. இதே காலத்துல ஊட்டியில அவர் பண்ணின லவ்டேல் லாரன்ஸ் பள்ளி, நீலகிரி நூலகம் இதெல்லாம் கூட ஐரோப்பா வாசனைதான். அந்த வயசுல, அந்தப் படிப்புல இருந்து வேற என்ன வரும்?

ஒரு சின்ன விஷயம். இன்னிக்கு மாநிலக் கல்லூரின்னாலே நமக்கு ஞாபகம் வர்றது நாலு பக்கமும் கடிகாரம் வெச்ச அந்தக் கூம்பு மாடம். அது சிஷோம் காலத்துது இல்ல, 1940-ல வந்தது. அவரோட கட்டடத்துக்கு இன்னொருத்தர் வெச்ச மகுடம் அது.

மாறிப்போன டிசைன்

போட்டியில ஜெயிச்ச ரெண்டு டிசைன்ல ஒண்ணு தான் உடனே கட்டப்பட்டுது. செனட் ஹவுஸ் தள்ளிப் போயிட்டே இருந்துச்சு. வேலை ஆரம்பிச்சது 1874-ல, முடிஞ்சது 1879-ல. அதாவது டிசைன் கொடுத்ததுக்கும் கடைக்கால் தோண்டினதுக்கும் நடுவுல பத்து வருஷம்.

அந்தப் பத்து வருஷத்துல சிஷோமுக்கு மூணு விஷயம் நடந்துச்சு.

முதல் விஷயம், சேப்பாக்கம் அரண்மனை. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1768 வாக்குல கட்டினது. கடைசி நவாப் 1855-ல வாரிசு இல்லாம இறந்ததும், பட்டத்தையே ஒழிச்சுட்டு அரண்மனையை அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அதை அலுவலகமா மாத்தற வேலை சிஷோம் கைக்கு வருது. ஹுமாயூன் மஹால், கலச மஹால் ரெண்டுக்கும் நடுவுல ஒரு உயரமான கோபுரம் வெச்சார். பக்கத்துல வருவாய் வாரியத்துக்குப் புதுக் கட்டடம். பழசோட பொருந்தணும்னா பழசோட மொழியிலேயே பேசியாகணும் இல்லையா? அதுக்காக அந்த வளைவுகளையும் குவிமாடங்களையும் ஒவ்வொண்ணா படிச்சார்.

ரெண்டாவது, மதுரை. 1866-ல இருந்து 1872 வரைக்கும் சென்னை கவர்னரா இருந்தவர் நேப்பியர் பிரபு. பாழடைஞ்சு கிடந்த திருமலை நாயக்கர் மஹாலைப் பாத்து, இதை சரி பண்ணியே ஆகணும்னு முடிவு பண்ணினார். அந்த வேலையும் சிஷோமுக்கே போச்சு. அதோட தூணெல்லாம் ஒரே கல் இல்ல. உள்ளே செங்கல், மேலே வழவழன்னு சுண்ணாம்புச் சுதை. அந்தச் சுதையை நம்ம கொத்தனார்கள் எப்படிப் பூசறாங்கன்னு பக்கத்துல நின்னு பாக்கற வாய்ப்பு. பின்னாடி லண்டன் கட்டடக் கலைஞர் கழகத்துல இந்த மஹாலைப் பத்தி ஒரு கட்டுரையே வாசிச்சார்.

மூணாவது, நேப்பியரோட 1870 சொற்பொழிவு. இந்தியாவுல அரசாங்கம் கட்டற கட்டடம் இந்திய பாணியில இருக்கணும், வெயிலுக்கும் வெளிச்சத்துக்கும் அதுதான் சரின்னு பேசினார். ஒரு கவர்னர் வாயில இருந்து வந்ததால அது வெறும் அபிப்பிராயம் இல்ல, கிட்டத்தட்ட உத்தரவு. ஆனா அதுல ஒரு உள்குத்தும் இருந்துச்சு. அதுக்கு கடைசியில வரேன்.

இதெல்லாம் முடிஞ்சு 1874-ல செனட் ஹவுஸ் எழும்பினப்போ, அது போட்டிக்கு வரைஞ்ச செனட் ஹவுஸ் இல்ல. நாலு மூலையிலயும் வெங்காயக் குவிமாடம் வெச்ச கோபுரம், பைசாந்திய வளைவு, வண்ணக் கண்ணாடி, சேப்பாக்கத்துக்காரன் பாத்தா நம்ம ஊரு அரண்மனையோட தம்பின்னு சொல்ற தோரணை.

எங்க தொழில்ல ப்ராஜெக்ட் தள்ளிப் போனா எல்லாரும் தலையில கை வெப்போம். சிஷோம் விஷயத்துல தாமதம் தான் அதிர்ஷ்டம். 1865-லயே காசு வந்திருந்தா மெரினாவுல இன்னொரு இத்தாலியக் கட்டடம் நின்னிருக்கும், அவ்வளவுதான். முதல் டிசைன் கட்டப்படாததால தான் சென்னையோட மிக அழகான கூடம் நமக்குக் கிடைச்சுது. 1937-ல சென்னை மாகாண சட்டசபை கூட கொஞ்ச மாசம் அங்கதான் கூடுச்சு. அப்புறம் ரொம்ப காலம் கவனிப்பில்லாம கிடந்து, பல்கலைக்கழகத்தோட 150-வது ஆண்டை ஒட்டி சீர் பண்ணினாங்க.

திருவாங்கூர் தொப்பி

செனட் ஹவுசோட சிஷோம் நிக்கல. அடுத்து திருவனந்தபுரம். அங்க இருந்த பழைய அருங்காட்சியகத்தை 1874-ல இடிச்சுட்டு, புதுசு கட்டற வேலை. 1880-ல முடிஞ்சுது. இன்னிக்கு நேப்பியர் மியூசியம்னு சொல்றோம்.

இங்க அவர் குவிமாடத்தைக் கையில எடுக்கவே இல்ல, ஏன்னா அந்த ஊர்ல வருஷத்துல பாதி நாள் மழை. செங்குத்தா சரியற ஓட்டுக் கூரை, நீண்டு வெளிய வர்ற இறவாரம், முகப்புல மர வேலைப்பாடு, காத்து உள்ள வந்து மேல வெளியேற வழி. அந்த ஊர் ஆசாரிமார் பல நூறு வருஷமா பண்ணிட்டிருந்ததைத்தான் பெரிய அளவுல பண்ணினார். என்னைக் கேட்டா சிஷோம் கட்டினதுலயே நேர்மையான கட்டடம் இதுதான். நாடு, தட்பவெப்பம், கைவினைஞர் மூணும் சேந்து முடிவு பண்ணின கட்டடம்.

அந்தக் கூரை மேல அவருக்கு ஒரு மயக்கமே வந்திருக்கணும். அதை அப்படியே சென்னைக்குத் தூக்கிட்டு வந்தார். பாரிமுனைல இருக்கற பொது அஞ்சல் நிலையம், ஜி.பி.ஓ. அவரோட டிசைன் தான். 1884-ல திறந்தது. முன்னாடி ரெண்டு உயரமான கோபுரம். அந்தக் கோபுரங்கள் மேல திருவாங்கூர் தொப்பி வெச்சார். அதே தசாப்தத்தோட கடைசியில வந்ததுதான் நான் முதல்ல சொன்ன விக்டோரியா பப்ளிக் ஹால். சென்னை மக்கள் நன்கொடை போட்டு எழுப்பின நகர மண்டபம், ராணியோட பொன்விழாவை ஒட்டி அவங்க பேரு. சுட்ட மண் அலங்காரம், நடைபாதை வளைவுகள், மேல அந்தத் தொப்பி. கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. சென்ட்ரல் ஸ்டேஷன்ல ஜார்ஜ் ஹார்டிங் போட்ட டிசைனுக்கு மேல வந்த தொப்பிகளும் சிஷோம் யோசனைன்னு சொல்வாங்க.

அந்த டவுன் ஹால்ல யார் யார் பேசியிருக்காங்க தெரியுமா? 1897-ல சிகாகோ பயணம் முடிச்சுத் திரும்பின விவேகானந்தர் அங்க உரையாற்றியிருக்கார். பம்மல் சம்பந்த முதலியாரோட சுகுண விலாச சபா நாடகம் போட்டதும் அங்கதான். சென்னையில சலனப்படம் காட்டின ஆரம்ப இடங்கள்லயும் அது ஒண்ணு. அப்பேர்ப்பட்ட மண்டபம் வருஷக்கணக்கா பூட்டியே கிடந்து, 2023-ல மாநகராட்சி சீரமைப்பு வேலையை ஆரம்பிச்சுது.

கட்டினப்புறம் போனது

சரி, ஜி.பி.ஓ.வுக்குப் போய் அண்ணாந்து பாத்தா அந்தத் தொப்பி எங்கன்னு கேப்பீங்க. இல்ல! பிற்காலத்துல எடுத்துட்டாங்க. இப்போ கோபுரம் மொட்டையா நிக்குது. 2000-ல அங்க பெரிய தீ விபத்தும் நடந்து, அதுல இருந்தும் மீண்டு வந்த கட்டடம் அது.

சேப்பாக்கம் கலச மஹாலுக்கும் இதே கதி. 2012 ஜனவரியில தீப்பிடிச்சு கூரை விழுந்து, அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருத்தர் உயிரையே விட்டார். அப்புறம் மறுபடி சுண்ணாம்பு அரைச்சு, பழைய முறையிலேயே பொதுப்பணித் துறை எழுப்பினாங்க. அங்க ஒரு விஷயம் தெளிவாச்சு. சுண்ணாம்புச் சுதை தெரிஞ்ச கொத்தனார்களைத் தேடிக் கண்டுபிடிக்கறதே பெரிய வேலையா இருந்துச்சு. சிஷோம் காலத்துல தெருவுக்குத் தெரு இருந்த கை அது.

அந்தக் கைகள் மேல அவருக்கு அக்கறை இருந்துச்சுங்கறதையும் சொல்லணும். 1877-ல இருந்து 1883 வரைக்கும் சென்னை தொழிற்கலைப் பள்ளிக்கு அவர்தான் தலைவர். அதே பூந்தமல்லி நெடுஞ்சாலைல இருக்கற இன்றைய கவின்கலைக் கல்லூரி தான் அது. மண்பாண்டம், மரவேலை, உலோகவேலைன்னு கைத்தொழிலுக்கு அங்க இடம் இருந்துச்சு. ஆனா பாருங்க, சிஷோம் பேரு கல்வெட்டுல இருக்கு, புத்தகத்துல இருக்கு. செனட் ஹவுஸ் தூண்ல பூ செதுக்கினவர் பேரு எங்கயும் இல்ல.

அடுத்தவர் விட்ட வேலை

சென்னைக்கப்புறம் பரோடா. அங்க லட்சுமி விலாஸ் அரண்மனையை ஆரம்பிச்சவர் மேஜர் சார்லஸ் மான்ட். 1881-ல பாதியிலேயே இறந்துட்டார். தன்னோட கணக்கு தப்பு, கட்டடம் இடிஞ்சு விழுந்துடும்ங்கற பயத்துலயே அவர் மனசு உடைஞ்சதா ஒரு கதை உண்டு. அடுத்தவர் எழுதின கோடிங்கை எடுத்து முடிக்கற வேலை எவ்வளவு கொடுமைன்னு எங்களுக்குத் தெரியும் :-) சிஷோம் அதை எடுத்து 1890-ல முடிச்சுக் கொடுத்தார். மான்ட் பயந்த எதுவும் நடக்கல, அரண்மனை இன்னும் கம்பீரமா நிக்குது.

அதே ஊர்ல அவரோட சொந்த டிசைன் பரோடா கல்லூரி. மேல பெரிய குவிமாடம். அதுக்கு மாதிரி பீஜப்பூர் கோல் கும்பஸ். 1656-ல முடிஞ்ச அந்தக் கும்பஸ்ல, ஒன்றை ஒன்று வெட்டிக்கிற வளைவுகள் சதுரக் கூடத்தைக் கொஞ்சம் கொஞ்சமா வட்டமாக்கி, குவிமாடத்தோட பாரத்தை சுவருக்குக் கடத்தும். இந்தத் தந்திரம் ஐரோப்பாக்காரங்களுக்குத் தெரியலையேன்னு சிஷோமுக்கு ஒரு ஆச்சரியம். பரோடா கல்லூரியையும் இந்தியக் குவிமாடங்களையும் பத்தி லண்டன்ல விரிவா ஒரு கட்டுரை வாசிச்சார். அலங்காரத்தை மட்டும் எடுத்துக்கிட்டவங்க நடுவுல, உள்ள இருக்கற பொறியியலையும் கத்துக்கணும்னு நினைச்சவர்.

பம்பாய்ல தோத்தது

இப்ப கட்டாமலே போனதுக்கு வருவோம். பம்பாய் மாநகராட்சிக்கு ஒரு தலைமையகம். 1884-ல ரிப்பன் பிரபு அடிக்கல் நாட்டினார். மேசையில ரெண்டு டிசைன். ஒண்ணு சிஷோமோட இந்தோ சாரசெனிக், இன்னொண்ணு எஃப். டபிள்யூ. ஸ்டீவன்சோட காதிக். எதிர்த்தாப்ல விக்டோரியா டெர்மினஸை கட்டினவர் தான் ஸ்டீவன்ஸ். கடைசியில ஜெயிச்சது அவர்தான். 1889-ல வேலை ஆரம்பிச்சு 1893-ல முடிஞ்சுது. சும்மா சொல்லக்கூடாது, அதுவும் அருமையான கட்டடம் தான்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. சென்னை, திருவனந்தபுரம், பரோடா மூணு ஊர்லயும் கத்துக்கிட்டதை எல்லாம் சேத்து சிஷோம் பம்பாயோட நடு முச்சந்தியில ஒரு கட்டடம் வெச்சிருந்தா? ரெண்டு பாணியும் எதிர் எதிரா நின்னு பேசியிருக்கும்.

வயசான காலத்துல இங்கிலாந்து திரும்பினார். லண்டன் ஸ்லோன் பகுதியில 1907-ல ஒரு தேவாலயம் கட்டினார், பைசாந்திய பாணியில. இன்னிக்கு அது காடகன் ஹால்ங்கற இசை அரங்கம். லண்டன் போற நண்பர்கள் முடிஞ்சா ஒரு எட்டு பாத்துட்டு வாங்க, நம்ம செனட் ஹவுஸ்காரர் கைவேலை.

முயற்சியே பண்ணாதது

நேப்பியர் பேச்சுல உள்குத்து இருக்குன்னு சொன்னேன் இல்லையா. அவர் சொன்னதோட சாரம் இதுதான்: வளைவும் குவிமாடமும் இருக்கற முஸ்லிம் பாணி தான் பெரிய அரசாங்கக் கட்டடத்துக்கு ஏத்தது. இந்து பாணி அதுக்குத் தோதுப்படாது.

இதுல ஒரு பொறியியல் நியாயம் இருக்கு. கல் உத்திரம் ரொம்ப தூரம் தாங்காது, அதனால தூணுக்குப் பக்கத்துலயே தூண் வெக்கணும். ஆயிரங்கால் மண்டபத்துல அத்தனை தூண் ஏன்னா இதுதான் காரணம். ஆயிரம் பேர் உக்காந்து மேடையைப் பாக்கணும்னா நடுவுல தூண் இருக்கக் கூடாது. சரிதான். ஆனா அதோட கதவை மூடினதுதான் தப்புன்னு எனக்குப் படுது.

ஏன்னா பதில் சிஷோம் கையிலயே இருந்துச்சு. நாயக்கர் மஹால்! தூண் மேல வளைவு, வளைவு மேல குவிமாடம், அதுக்கு நடுவுல யாளி, சுதைச் சிற்பம். 17-ஆம் நூற்றாண்டுலயே ஒரு தென்னாட்டு அரசர் கோயில் இல்லாத, பெரிய கூடம் வேணும்ங்கற கேள்விக்கு விடை கண்டுபிடிச்சு, கட்டியும் காட்டிட்டார். அந்த விடையை அங்குலம் அங்குலமா அளந்தவர் சிஷோம். மலையாளக் கூரையை மயிலாப்பூர்க்காரன் பாக்கற மாதிரி கொண்டு வந்தவர், மதுரையை முழுசா ஒரு சென்னைக் கட்டடமா எழுதவே இல்ல.

கூரை விஷயத்துலயும் அப்படித்தான். எங்க ஊரு மாசிலாமணீஸ்வரர் கோயில் விமானம் பின்பக்கம் வளைஞ்சு, யானை முதுகு மாதிரி இருக்கும். கஜபிருஷ்டம், தூங்கானை மாடம்னு சொல்வாங்க. பாடி திருவலிதாயத்துலயும் அதே. தொண்டை நாட்டுக்கே உரிய வடிவம், சென்ட்ரல்ல இருந்து அரை மணி நேர தூரம். சென்னையோட எந்த சிஷோம் கட்டடத்துலயும் அந்த வளைவு வரல. திருவாங்கூர் தொப்பி வந்த ஊருக்கு தொண்டை நாட்டு முதுகு வரலை!

இதுக்கு அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. முகலாயர் விட்ட இடத்துல நாங்கதான் வாரிசுன்னு காட்டிக்க ஆங்கிலேய அரசாங்கத்துக்கு குவிமாடம் தேவைப்பட்டுது. முகலாயர் ஆட்சி அழுத்தமாப் பதியாத தமிழ்நாட்டுக்கும் அதே சட்டையைப் போட்டாங்க. கட்டடக் கலைஞர் எவ்வளவு கத்துக்கிட்டாலும், காசு கொடுக்கறவங்க என்ன மாதிரி தெரியணும்னு நினைக்கறாங்களோ அதுதான் நிக்கும்.

கிட்டத்தட்ட ஒரு நூறு வருஷம் கழிச்சு, 1976-ல கணபதி ஸ்தபதி வடிவமைப்புல வள்ளுவர் கோட்டம் வந்துச்சு. தூணே இல்லாத பெரிய அரங்கம், பக்கத்துல திருவாரூர் தேர் மாதிரி கல் தேர். தமிழ் வடிவத்துல பொதுக் கட்டடம்ங்கற கேள்வியை நாமளே கையில எடுத்த முயற்சி அது. ஆனா அங்கயும் கவனிச்சா, அரங்கம் கான்கிரீட், தேர் கல். ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நிக்குது, ஒண்ணாக் கலக்கல. நாயக்கர் மஹால்ல கலந்த மாதிரி இன்னும் யாரும் கலக்கல.

அந்தக் கட்டடத்தை யாராவது வரைவாங்களான்னு தெரியல. வரையறவங்க சிஷோமோட வரிசையை ஒருமுறை நடந்தே பாத்துட்டா நல்லது. மாநிலக் கல்லூரி, சேப்பாக்கம், செனட் ஹவுஸ் மூணும் ஒரே சாலையில இருக்கு, ஒரு சாயந்திரம் போதும். பத்து வருஷத்துல ஒரு மனுஷன் தன் படிப்பை எவ்வளவு தூரம் மாத்திக்க முடியும்னு அந்த நடையிலயே தெரியும். மிச்சத்துக்கு மதுரைக்கு டிக்கெட் எடுக்கணும்.